இலக்கு சரி, அன்றாடம் எப்படி? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன: என்ன இலக்கு வைப்பது, வைத்தும் ஏன் சந்தோஷம் இல்லை, எப்போது விடுவது. மனநல ஆலோசகர்கள் குழு பதில் சொல்கிறது.

பி.எஸ்சி. முடித்து ஐந்து வருடமாக குரூப் 4, குரூப் 2 என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். வயது 28. ஒருமுறை குரூப் 4-இல் ஆறு கேள்வியில் போனது. வீட்டில் ‘இன்னும் எத்தனை நாளைக்கு?’ என்கிறார்கள். விடவும் மனசு வரவில்லை, தொடரவும் பயமாக இருக்கிறது.
– வாசகர், மேலூர்

ரிசல்ட் வந்த வாரத்தில் இந்த முடிவை எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் யார் எடுத்தாலும் தப்பாகத்தான் எடுப்பார்கள். கையில் எண்களை வைத்துக்கொண்டு எடுங்கள்.

குரூப் 4-இல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. பத்து நாளுக்கு ஒன்று என்று இரண்டு மாதத்தில் ஆறு முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து, ஓ.எம்.ஆர். தாளில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு எழுத வேண்டும். மூன்று பகுதிக்கும் தனித்தனியாக மதிப்பெண் குறியுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும் ‘தெரியாது’, ‘தெரியும், தவறிவிட்டேன்’, ‘நேரம் போதவில்லை’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். முதல் வகைக்குப் புத்தகம்தான் மருந்து. இரண்டாவதற்குத் திருப்புதல். மூன்றாவதற்கு இன்னும் மாதிரித் தேர்வுகள். பலரும் மூன்றுக்கும் சேர்த்துப் புதுப் புத்தகம் வாங்குகிறார்கள், மதிப்பெண் அதே இடத்தில் நிற்கிறது.

உங்களுக்குப் போன ஆறு கேள்வி என்பது 9 மதிப்பெண். திறனறிவுப் பகுதி மட்டும் 37.5. தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீ.பொ.வ., மீ.சி.ம., பரப்பளவு, வேலையும் நேரமும் என்று அதன் எல்லை சின்னது. அங்கே நீங்கள் 15 கேள்விக்குக் கீழே நின்றால், தமிழ் இலக்கணத்தை நாலாவது தடவை படிப்பதைவிட இங்கே உட்காருவது லாபம்.

முதல் மூன்று தேர்வின் சராசரியையும் கடைசி மூன்றின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஏறுகிறது, உங்கள் பிரிவின் சென்ற கட்-ஆஃபைத் தொடுகிறது என்றால் தொடருங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், அதே முறையில் ஆறாவது வருடம் படித்தும் பலன் வராது.

தொடர்வதாக இருந்தால் நிறுத்தும் இடத்தை இப்போதே எழுதிவிடுங்கள்: ‘வரும் அறிவிப்பும் அதற்கு அடுத்ததும். பிறகு முழுநேரமாகப் படிக்க மாட்டேன்.’ தேதி போட்டு அப்பாவிடம் கொடுங்கள். ‘எத்தனை நாளைக்கு?’ என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும். இடையில் தினமும் நாலு மணி நேரம் டியூஷனோ கடைக்கணக்கோ ஏதாவது ஒரு வேலை பாருங்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாள் முழுக்கப் படிப்பு மட்டுமே இருந்தால், தேர்வில் தோற்றதும் ஆளே தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, யாரும் உங்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கிடைத்துவிட்டால் தினமும் என்ன வேலை என்று பார்த்திருக்கிறீர்களா? உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் அனுமதி கேட்டு ஒரு நாள் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து பாருங்கள். அடங்கல், வசூல், சான்றிதழுக்கு வரும் கூட்டம், வாய்க்கால் தகராறு. இது பிடித்தால் படிக்கும் பக்கத்துக்கே வேறு ருசி வரும். பிடிக்காமல் போனால், வேண்டியது நிலையான சம்பளம் மட்டும்தான் என்று தெரிந்துவிடும். அதற்கு வேறு கதவுகளும் இருக்கின்றன.

மகள் பெங்களூரு, மகன் கனடா. எனக்கு வயது 54. காலை பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிடுகிறது. ‘உனக்குப் பிடிச்சதைச் செய்யேன்’ என்கிறார் கணவர். எனக்கு என்ன பிடிக்கும் என்பதே மறந்துவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

முப்பது வருடம் மற்றவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்தவரிடம் திடீரென்று ‘உனக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் பதில் வராதுதான். யோசித்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், எழுதிப் பாருங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஏழு நாளுக்கு, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரி. என்ன செய்தீர்கள், அதில் இன்பம் பத்துக்கு எவ்வளவு, நிறைவு பத்துக்கு எவ்வளவு. இரண்டும் வேறு வேறு என்பது இரண்டே நாளில் தெரிந்துவிடும். இப்படித்தான் வரும்:

‘10–11: சீரியல் மறு ஒளிபரப்பு. இன்பம் 5, நிறைவு 1.’
‘11–12: மாவு அரைத்தேன். 2, 4.’
‘3–4: போனில் வீடியோ. 4, 0.’
‘5–6: எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன். 6, 8.’

அந்தந்த மணியிலேயே எழுத வேண்டும். ராத்திரி மொத்தமாக எழுதினால், ராத்திரி இருக்கும் மனநிலை காலையில் நடந்ததன் மேலேயும் படிந்துவிடும்.

வார முடிவில் இரண்டு எண்ணும் 6-க்கு மேல் உள்ள வரிகளை வட்டமிடுங்கள். மூன்று நாலு தேறலாம். அவற்றில் பொதுவாக என்ன இருக்கிறது? தனியாகச் செய்ததா, ஆட்களோடு செய்ததா? கை வேலையா, பேச்சா? அடுத்த நாலு வாரம் அதே சாயலில் மூன்று காரியங்களைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் கொடுங்கள். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப் புத்தகத்தைப் படித்துப் பதிவுசெய்து அனுப்பலாம், கோயிலில் உழவாரப்பணிக் குழுவில் சேரலாம், பாட்டு வகுப்புக்குப் போகலாம். நாலு வாரம் கழித்து மறுபடி எண் போட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். விட்டதற்கு வருத்தப்படத் தேவையில்லை.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, தொடங்கும் முன்பே சாமான் வாங்குவது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகை, கல், தங்க ரேக்கு எல்லாம் வந்து சேர்ந்ததோடு ஆசை அடங்கிப்போகும். முதல் மாதம் இரவல் சாமானில் செய்யுங்கள். இரண்டு, பிடித்த வேலை ஊர் சேவையாக மாறுவது. முறுக்கு சுற்றப் பிடிக்கும் என்று சொன்ன மறுவாரமே தெருவுக்கே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். மூன்று, நேரத்துக்கு வேலி இல்லாமை. ‘செவ்வாய், வெள்ளி 11 முதல் 1’ என்று காலண்டரில் எழுதி மாட்டுங்கள். ‘பிடிச்சதைச் செய்’ என்ற அதே கணவர் பதினொன்றரைக்குக் காபி கேட்பார். ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு உட்காருங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது ஆள் சேரும் வேலைக்கு அரை மதிப்பெண் கூடப் போடலாம். 1938-இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு ஆய்வு, மனிதர்களை வாலிபத்திலிருந்து முதுமைவரை தொடர்ந்து பார்த்து வருகிறது. முதுமையில் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதற்கு நல்ல உறவுகள் முக்கியமான காரணம் என்பது அதில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

ஒரு எச்சரிக்கை. நோட்டு முழுக்க 0-வும் 1-ம் ஆகவே இருந்தால், முன்பு ரசித்ததும் ருசிக்காமல் போனால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அதை ‘இலக்கு இல்லாத குறை’ என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில் மாதவிடாய் நிற்கும் காலமும் தைராய்டும்கூட மனதைக் கீழே இழுக்கும், எனவே டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் கேட்டுக்கொள்ளுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

சோழிங்கநல்லூர் பக்கம் ஃபிளாட் வாங்கினேன். எட்டு வருடக் கனவு. குடிபோன ஆறு மாதத்தில் சந்தோஷம் வடிந்துவிட்டது. இப்போது மனசு கார் பின்னால் ஓடுகிறது. எனக்கு என்ன கோளாறு?
– ஐ.டி. ஊழியர், சென்னை

கோளாறு ஒன்றும் இல்லை. மாறாமல் அங்கேயே இருக்கும் எதற்கும் மனசு பழகிவிடும். பால்கனி தினமும் அதே பால்கனிதான். 1978-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் 22 லாட்டரி வெற்றியாளர்களைக் கேட்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியில் இல்லை. சின்னச் சின்ன அன்றாட சுகங்கள் அவர்களுக்குக் கொஞ்சம் மங்கியும் இருந்தன. சிறிய ஆய்வு அது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகள், பணம் வாழ்க்கைத் திருப்தியை ஓரளவு கூட்டவே செய்கிறது என்கின்றன. ஆகவே வீடு வாங்கியது வீண் என்று முடிவுகட்ட வேண்டாம். வாங்கியதோடு நிறுத்தியதுதான் பிரச்சினை.

எதற்காக வீடு வேண்டும் என்று எட்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்? அப்பா அம்மா வந்து தங்க, நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட, குழந்தை மழையில் விளையாட… எழுதி, ஒவ்வொன்றும் இந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை நடந்தது என்று பக்கத்தில் போடுங்கள். பெரும்பாலும் பூஜ்யம் இருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் ஒரு குடும்பத்துக்குச் சாப்பாடு என்று வையுங்கள். வருகிறவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இது அவ்வளவு சீக்கிரம் பழகாது.

கார் விஷயத்துக்கு ஒரு சோதனை. ‘வாங்குவேன்’ என்று முடியும் வாக்கியத்தை ‘செய்வேன்’ என்று முடியும்படி மாற்றுங்கள். ‘மாதம் ஒருமுறை அப்பாவைக் குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப்போவேன்.’ இதற்கு இந்த மாதமே வாடகைக் கார் போதும். மூன்று மாதம் தொடர்ந்து போனீர்களா, போன நாட்கள் நன்றாக இருந்தனவா? அப்படியானால் வாங்குங்கள். ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை என்றால் காரும் பேஸ்மென்ட்டில்தான் நிற்கும்.

கணக்கையும் பார்த்துவிடுங்கள். 50 லட்சம் வீட்டுக்கடன், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400. கடைசியில் கட்டியிருப்பது 1.04 கோடி. அதன் மேல் 8 லட்சம் கார் கடன், 9.5 சதவீதம், ஐந்து வருடம் என்றால் இன்னொரு 16,800. மாதம் 60,000 ரூபாய் கட்டாயமாகிவிட்டால், பிடிக்காத வேலையை விடும் சுதந்திரம் ஐந்து வருடத்துக்குக் கிடையாது. அதையும் காரின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தினமும் நன்றி நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். பதினைந்து நாளில் ‘காற்று, தண்ணீர், குடும்பம்’ என்று ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். பொய்யாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

தினமும் வேண்டாம், வாரம் ஒருமுறை போதும். தினமும் எழுதினால் கடமையாகிப்போகும். மூன்றே மூன்று. ஒவ்வொன்றிலும் ஆள், நேரம், செய்கை மூன்றும் இருக்க வேண்டும்: ‘புதன்கிழமை பஸ்ஸில் கண்டக்டர் என் பையை வாங்கி முன்னால் வைத்தார்.’ பக்கத்தில் ‘ஏன் நடந்தது?’ என்று ஒரு வரி. ஒன்றும் தோன்றாத வாரம் எழுதாதீர்கள்.

ஜனவரியில் நடை, ஆங்கிலம், கிடார் மூன்றையும் தொடங்கினேன். பத்து நாளில் எல்லாம் நின்றது. வைராக்கியம் வர என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று பெரியவர்கள் கேலி செய்வார்களே, அந்த ரகம்தான் ஜனவரி வைராக்கியமும். அதை நம்பி எதையும் தொடங்காதீர்கள், தம்பி. ஏற்பாட்டை நம்புங்கள்.

மூன்றில் ஒன்றை எடுங்கள். நடை என்று வைப்போம். ‘தினமும் நடப்பேன்’ என்பது ஆசை. ‘இது நடந்ததும், இந்த இடத்தில், இவ்வளவு’ என்று எழுதினால்தான் திட்டம்: ‘பல் தேய்த்ததும் ஷூ போட்டு, ஹாஸ்டல் வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை போய்த் திரும்புவேன்.’ உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் முன்வைத்த முறை இது. 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி எழுதியவர்கள் வெறுமனே ஆசைப்பட்டவர்களைவிடத் தெளிவாகவே அதிகம் செய்து முடித்திருந்தார்கள்.

‘காலை 5 மணிக்கு’ என்று கடிகாரத்தில் கட்டாதீர்கள். ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கும் ஹாஸ்டலில் அந்த 5 மணி இரண்டு நாள்தான் வரும். எப்படியும் நடக்கிற ஒரு காரியத்தில் கட்டுங்கள். அளவு, செமஸ்டர் தேர்வுக்கு முந்தின நாள்கூடச் செய்ய முடிகிற அளவாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும், இரண்டு வாரம் ஓடிய பிறகு கூட்டலாம். தடைக்கும் ஒரு வரி: ‘மழை பெய்தால் வராந்தாவில் பத்துச் சுற்று.’

21 நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்து ஆராய்ந்தபோது, பழக்கம் படிய ஆன நடுமதிப்பு 66 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் 18 முதல் 254 நாள்வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிகிறது, உடற்பயிற்சிக்கு நாளாகிறது. இடையில் ஒரு நாள் விடுவதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பலரும் கவிழ்வது, விட்ட நாளுக்கு அடுத்த நாள் ‘போச்சு, இனி திங்கள்கிழமை பார்ப்போம்’ என்று சொல்லும்போதுதான்.

கிடார் பிறகு எடுப்பீர்கள் என்றால் ஒரு குறிப்பு. முதல் சில வாரம் விரல் நுனி எரியும், ஆளை நிறுத்துவது பெரும்பாலும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் வாசிப்பதைவிடத் தினம் பத்து நிமிடம் வாசித்தால் தோல் சீக்கிரம் காய்த்துவிடும்.

ஷார்ஜாவில் 14 வருடம். ஒவ்வொரு லீவிலும் ‘இன்னும் ரெண்டே வருஷம்’ என்று சொல்லிவிட்டு வருகிறேன். மகளுக்கு 9 வயது. ஊருக்குத் திரும்புவதுதான் என் இலக்கு. நடக்கவே மாட்டேன் என்கிறது.
– வாசகர், சொந்த ஊர் கடையநல்லூர்

உங்கள் இலக்குக்குத் தேதி இருக்கிறது, தொகை இல்லை. தொகை இல்லாததால் தேதி நகர்ந்துகொண்டே போகிறது.

மனைவியோடு வீடியோ காலில் உட்கார்ந்து ஒரே தாளில் நாலு வரி எழுதுங்கள்: கடன் பாக்கி, வீட்டு வேலையில் மீதி, மகள் படிப்புக்கு ஒதுக்குவது, திரும்பிய பிறகு 12 மாத வீட்டுச் செலவு. இந்த நாலாவதைத்தான் பலரும் எழுதுவதில்லை. திரும்பும் நினைப்பு வந்தாலே வயிற்றைக் கலக்குவதும் அதனால்தான். வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் 3,60,000, அதோடு குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டு பிரீமியம். இந்தத் தொகையைத் தனி வைப்பாகப் போட்டுவிட்டுத் தொடாதீர்கள்.

பிறகு ஒரு சட்டம்: புதுச் செலவு எது வந்தாலும் ரூபாயில் பேசாமல் மாதத்தில் பேசுங்கள். மாதம் 40,000 மிச்சம் பிடிக்கிறீர்கள் என்றால், தங்கை வீட்டு விசேஷத்துக்கு 2 லட்சம் என்பது ஐந்து மாதம். மாடியில் இன்னொரு அறை 6 லட்சம் என்பது பதினைந்து மாதம். ‘மகளுக்குப் பத்தே கால் வயது ஆகிவிடும், பரவாயில்லையா?’ என்று இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டு, சரி என்றால் செய்யுங்கள். தங்கைக்குச் செய்யும் சீர் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. விலை தெரிந்து செய்தால் பிறகு மனசு குமுறாது.

அடுத்த லீவை ஒத்திகையாக வையுங்கள். முதல் பத்து நாள் நீங்கள் விருந்தாளி, அந்த நாட்களின் சந்தோஷத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதற்குப் பிறகு பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புங்கள், ரேஷன் கடைக்குப் போங்கள், ஊரில் செய்ய நினைக்கும் தொழிலில் இருப்பவரோடு ஒரு வாரம் சம்பளமில்லாமல் நில்லுங்கள். நீங்கள் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. வந்த வேகத்தில் எல்லாவற்றிலும் கை வைத்தால் முட்டிக்கொள்ளும். கொண்டுவந்த பணம் முழுவதையும் முதல் வருடமே கடை வைப்பதில் போடுவது இன்னொரு வழக்கமான சறுக்கல். நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஈ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். அதன் பிறகு வட்டிக்கு வரி உண்டு, அதையும் தாளில் சேருங்கள்.

இலக்கை நாலு பேரிடம் சொல்லிவிட்டால் வெட்கத்துக்காவது செய்வோம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், கரூர்

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதால் அப்படி நடக்காது. 2009-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், தங்கள் எண்ணத்தை மற்றவர் கவனித்துவிட்டார் என்று தெரிந்த சட்ட மாணவர்கள், கவனிக்கப்படாதவர்களைவிடக் குறைவான நேரமே வேலையில் செலவிட்டார்கள். சொன்னதிலேயே பாதி சாதித்த திருப்தி வந்துவிடுகிறது.

ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். என்ன ஆகப்போகிறீர்கள் என்று சொல்ல வேண்டாம், இந்த வாரம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஞாயிறு மாலை மூன்று வரி அனுப்புங்கள்: செய்தது, விட்டது, அடுத்த வாரம். எப்போதும் திட்டுகிறவரும் வேண்டாம், எதற்கும் ‘பரவாயில்லை’ என்கிறவரும் வேண்டாம். மனைவியையோ கணவரையோ அந்த ஆளாக வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு வேறு பழைய கணக்குகளுக்கெல்லாம் போய்விடும்.